வாசகர் கேள்வி – பதில்: மதுரையில் நண்பர் வீடு

வெளியூர் நண்பரைப் பார்க்க இரண்டு நாள் போய்வருவது பற்றி வந்த கடிதங்களில், மதுரை தொடர்பானவற்றை இந்த இதழில் சேர்த்துத் தந்திருக்கிறோம்.

கேள்வி: கல்லூரியில் என்னுடன் படித்த நண்பர் மதுரையில் வசிக்கிறார், நெடுநாளாக அழைத்துக்கொண்டே இருக்கிறார். மனைவி, எட்டு வயது மகளுடன் வெள்ளி இரவு கிளம்பி ஞாயிறு இரவு திரும்ப எண்ணியிருக்கிறேன். மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், அழகர்கோயில், திருப்பரங்குன்றம், கீழடி, காந்தி அருங்காட்சியகம், முடிந்தால் கொடைக்கானல் என்று பட்டியல் வைத்திருக்கிறேன். நண்பருக்குச் சனிக்கிழமை மதியம் வரை வேலை உண்டு. எப்படித் திட்டமிடலாம்?
— ஒரு வாசகர், ஆவடி

பதில்: முதலில் கொடைக்கானலை அடித்துவிடுங்கள். மதுரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். வத்தலக்குண்டைத் தாண்டினால் மலைப்பாதை. போவதற்கும் வருவதற்குமே ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கரைந்துபோகும். அடுத்து, பட்டியலில் எஞ்சியவற்றைத் திசைவாரியாகப் பாருங்கள். அழகர்கோயில் வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர், திருப்பரங்குன்றம் தென்மேற்கே 8 கிலோமீட்டர், கீழடி தென்கிழக்கே 12 கிலோமீட்டர். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக ஒவ்வொரு முறையும் ஊருக்குள் நுழைந்து நெரிசலைக் கடந்தாக வேண்டும் என்பதால், இம்மூன்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வதே நல்லது.

உங்கள் கடிதத்தில் ஏழு இடங்கள் இருக்கின்றன. நண்பர் இரண்டே வாக்கியங்களில்தான் வருகிறார், அவற்றிலும் ஒன்று அவருடைய வேலை நேரத்தைச் சொல்லத்தான். அவரைப் பார்க்கத்தானே போகிறீர்கள்? ஆகவே அவர் ஓய்வாக இருக்கும் சனி மாலை, இரவு, ஞாயிறு காலை ஆகிய வேளைகளை முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சமுள்ள நேரத்தில் ஊரைப் பாருங்கள்.

பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் விடிகாலையில் மதுரையில் இறங்கிவிடலாம். அந்த நேரத்தில் நண்பரை நிலையத்துக்கு வரச் சொல்லாதீர்கள். வாசலிலேயே ஆட்டோ கிடைக்கும். குளித்துக் காப்பி குடித்துவிட்டு, அவர் வேலைக்குக் கிளம்பும்போதே நீங்களும் கோயிலுக்குக் கிளம்பிவிடலாம். நண்பகல் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்தினால் மாலை நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள் என்பதால் காலை வேளைதான் தோது. கைப்பேசிக்கு உள்ளே அனுமதி இல்லை; வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனால் வாசலில் ஒப்படைக்கும் வரிசை மிச்சம். ஆயிரங்கால் மண்டபத்தில் உண்மையில் இருப்பவை 985 தூண்கள் என்று மகளிடம் சொல்லுங்கள். எண்ணிப் பார்க்கத் தொடங்கிவிடுவாள், உங்களுக்கும் சிற்பங்களை நிதானமாகப் பார்க்க நேரம் கிடைக்கும். முக்குறுணிப் பிள்ளையாரைக் காட்டத் தவறாதீர்கள். வண்டியூர்த் தெப்பக்குளத்தைத் தோண்டியபோது மண்ணுக்குள் கிடைத்தவர் என்று சொல்லப்படும் அந்தப் பெரிய பிள்ளையாருக்கு, விநாயகர் சதுர்த்தியன்று முக்குறுணி அரிசியில், அதாவது பதினெட்டுப் படி அரிசியில், ஒரே கொழுக்கட்டை படைக்கிறார்கள். அங்கிருந்து 1636-இல் கட்டப்பட்ட மகாலுக்குச் சென்று, தூண்களுக்கு நடுவே அரைமணி நேரம் நின்று பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுங்கள்.

மாலையில் நண்பர் கூட வரட்டும். சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக விரியும் வீதிகளில் பேசிக்கொண்டே நடப்பதற்கு இணையான பொழுதுபோக்கு அந்த ஊரில் வேறில்லை என்பது என் எண்ணம். மேல மாசி வீதியில் ஒரு கதர் கடை இருக்கிறது. 1921 செப்டம்பரில் மதுரைக்கு வந்த காந்தி, மேலாடையையும் தலைப்பாகையையும் துறந்து முழங்கால் அளவு வேட்டிக்கு மாறியது அந்தக் கடை இருக்கும் வீட்டில்தான். அருங்காட்சியகத்துக்கு இம்முறை நேரம் கிடைக்காவிட்டாலும் இந்த இடத்தை நின்று பார்த்துவிடலாம். குழந்தை விழித்திருந்தால் ஒன்பது மணியளவில் மறுபடியும் கோயிலுக்குள் போய்ப் பள்ளியறை பூசையைப் பாருங்கள். சொக்கநாதரின் திருப்பாதங்களைப் பல்லக்கில் வைத்து, சாமரமும் மேளமும் சூழ அம்மன் சந்நிதிக்கு எழுந்தருளச் செய்வார்கள். பகலில் நெருக்கித் தள்ளிய கோயில் அந்த வேளையில் வேறு கோயிலாகத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைக்குக் கீழடி என்றே சொல்வேன். 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீட்டின் பாணியில் கட்டப்பட்டது. தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் உங்களுக்கு. பகடைக் காய்களும், உடைந்த பானையைத் தேய்த்து வட்டமாக்கிய சில்லுகளும் மகளுக்கு. ஏறத்தாழ 2,600 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே மக்கள் வாழ்ந்ததாகத் தமிழகத் தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. ஆனால் எட்டு வயதுக் குழந்தைக்கு அந்தச் சில்லுகள் போதும்.

கேள்வி: தோழியின் வீடு சிறியது, மாமியாரும் உடன் இருக்கிறார். விடுதியில் தங்கினால் தவறாக நினைப்பாளோ என்று தயக்கமாக இருக்கிறது. என்ன வாங்கிப் போவது என்றும் தெரியவில்லை.
— ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: நீங்கள் தனியாகப் போவதென்றால் வீட்டிலேயே தங்குங்கள், குடும்பத்துடன் என்றால் விடுதிதான் சரி. ஆனால் போய் இறங்கிய பிறகு சொல்லாமல், பயணச்சீட்டு எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். "தூங்க மட்டும் விடுதி, இரண்டு வேளை சாப்பாடு உன் கையால்" என்று சொன்னால் எந்தத் தோழியும் முகம் சுளிக்க மாட்டாள். குளியலறை ஒன்றே உள்ள வீட்டில் காலை ஏழு மணிக்கு விருந்தாளிகள் நால்வர் வரிசையில் நின்றால், அந்த மாமியாரின் பாடு என்ன ஆகும் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

இனிப்புப் பெட்டி வாங்கும் முன் வீட்டில் யாருக்காவது சர்க்கரை நோய் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழமோ, பிள்ளைகளுக்குக் கதைப்புத்தகமோ என்றால் சங்கடமே இல்லை. பூ மட்டும் வேண்டாம். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மல்லிகை விளையும் ஊருக்குத் தாம்பரத்திலிருந்து பூ கொண்டு போவானேன்? அங்கே ஒரு முழம் வாங்கி மாமியாரிடம் கொடுங்கள்.

கேள்வி: எங்கே சாப்பிட்டாலும் நண்பரே பணம் கொடுத்துவிடுகிறார். மீறினால் கோபித்துக்கொள்கிறார். இம்முறையும் அப்படியே நடந்துவிடுமோ?
— ஒரு வாசகர், வேலூர்

பதில்: சாப்பிட்டு முடித்தபின் பில்லுக்காக மல்லுக்கட்டினால் உள்ளூர்க்காரர்தான் வெல்வார்; கல்லாவில் இருப்பவருக்கு அவரைத் தெரிந்திருக்கும். ஆகவே ஒரு வேளையை முன்கூட்டியே உங்களுடையதாக அறிவித்துவிடுங்கள். சனி இரவு என்றால் சிம்மக்கல் பக்கம் கறிதோசைக்கு அழைத்துப் போகலாம். கனமாக வார்த்த தோசையின் மேல் முட்டையை ஊற்றிப் பரப்பி, மசாலாவில் வெந்த ஆட்டுக்கறியை அதன்மேல் அள்ளி வைத்துத் திருப்பிப் போடும்போது எழும் மணத்துக்கே பாதி வயிறு நிறைந்துவிடும். ஆளுக்கு ஒன்று சொல்லிவிட்டுப் பிறகு யோசியுங்கள். இலை போடும் முன்பே கல்லாவில் ஒரு தொகையைக் கொடுத்து வைப்பது என் வழக்கம். ஜிகர்தண்டா, பருத்திப்பால் செலவை அவருக்கே விட்டுவிடுங்கள், மனம் ஆறட்டும். சுண்டக் காய்ச்சிய பாலும் பாதாம் பிசினும் நன்னாரி சர்பத்தும் ஐஸ்கிரீமும் சேர்ந்த ஜிகர்தண்டாவைச் சாப்பாட்டுக்குப் பின் குடிப்பதைவிட, வெயில் தாழாத நான்கு மணிக்குக் குடிப்பதுதான் முறை.

கேள்வி: நான் மதுரைக்காரன். மாதம் தவறாமல் யாராவது நண்பர்கள் வருகிறார்கள். மகிழ்ச்சிதான், ஆனால் ஒவ்வொருவருடனும் அதே கோயில், அதே மகால். சலித்துவிட்டது என்று எப்படிச் சொல்வது?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: சொல்ல வேண்டியதில்லை, கோயிலுக்கு அவர்களை வழியனுப்பிவிட்டு, நீங்கள் எங்கே உடன் வருவீர்கள் என்பதை மட்டும் நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள். காலை ஆறு மணிக்கு எழுந்திருக்கக்கூடிய நண்பர் என்றால் கீழக்குயில்குடிச் சமணர் மலைக்கு அழைத்துப் போங்கள். ஊருக்கு மேற்கே சற்றேறக்குறைய 10 கிலோமீட்டர் தொலைவில், அடிவாரத்தில் தாமரைக் குளமும் கருப்பசாமி கோயிலும் ஆலமரங்களுமாக இருக்கும் இடம். பாறையில் வெட்டிய படிகளில் சிறிது ஏறினால் பேச்சிப்பள்ளத்தில் தீர்த்தங்கரர்களின் சிற்பங்கள் வரிசையாக இருக்கும். அவற்றின் கீழே வட்டெழுத்துகள். ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பழமையானவை. வெயில் ஏறினால் பாறை சுடும், ஒன்பதுக்குள் இறங்கிவிட வேண்டும். தண்ணீர் நிறைய எடுத்துப் போங்கள். சோம்பேறி நண்பர் என்றால் மாலையில் தெப்பக்குளத்துப் படிக்கட்டு போதும். இரு வகையிலும் சேராமல், மறுபடி மகாலுக்கே போகலாம் என்று அடம்பிடிப்பவரை உங்கள் வீட்டுப் பிள்ளைகளுடன் அனுப்பி வையுங்கள்.

கேள்வி: ஞாயிறு மதியம் கிளம்புவதா, இரவு கிளம்புவதா?
— ஒரு வாசகி, குரோம்பேட்டை

பதில்: திங்கள்கிழமை காலை அலுவலகம் போயாக வேண்டும் என்றால், மாலையில் மதுரை வழியே வரும் நாகர்கோவில்–எழும்பூர் வந்தே பாரத் உதவும்; இரவு பதினொரு மணி வாக்கில் சென்னைக்கு வந்துவிடுகிறது. இரவு ரயில் என்றால் விடிகாலையில் இறங்கி நேரே வேலைக்குப் போகலாம். தூக்கம் எப்படி வாய்க்கும் என்பது உங்கள் பெர்த்தைப் பொறுத்தது. முன்பதிவு இப்போது பயண நாளுக்கு 60 நாள்களுக்கு முன்புதான் தொடங்குகிறது. ஞாயிறு இரவு இருக்கைகள் விரைவில் தீர்ந்துவிடும் என்பதால், திரும்பும் சீட்டை முதலில் எடுத்துவிட்டுப் பிறகு தோழிக்குச் செய்தி சொல்லுங்கள். தட்கலை நம்பிக் கிளம்பினால், அவள் குடும்பம் திங்கள்கிழமையும் உங்களுக்குச் சமைக்க நேரிடும்.