தன்பாலீர்ப்பு: பிறப்பா, வளர்ப்பா?

கேள்வி (மதுரையிலிருந்து ஒரு தாய்): மகனுக்கு 22 வயசு. ஆம்பளைங்க மேலதான் ஈர்ப்புன்னு சொல்றான். அவங்க அப்பா வெளிநாட்டுல, நான்தான் செல்லம் கொடுத்து வளர்த்தேன். அதனாலயா சார்?

பதில்: இல்லைம்மா. உங்கள் வளர்ப்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பிறவிக் குறைபாட்டால் ஆணுறுப்பு சரியாக உருவாகாத, அல்லது அறுவை விபத்தில் அதை இழந்த சில ஆண் குழந்தைகளை, முன்பு அறுவை செய்து பெண்ணாகவே வளர்த்தார்கள். 2016இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு அப்படி 7 பேரைக் கணக்கெடுத்தது. வளர்ந்தபின் 7 பேருக்குமே முக்கியமாகப் பெண்கள்மீதுதான் ஈர்ப்பு. பெயர், உடை, பள்ளி என எல்லாவற்றையும் மாற்றியும் திரும்பாத ஒன்று, செல்லம் கொடுத்ததால் திரும்பிவிடாது.

கேள்வி: அப்படின்னா மரபணு டெஸ்ட் எடுத்தா தெரிஞ்சிடுமா?

பதில்: தெரியாது, பணத்தை வீணாக்காதீர்கள். 1993இல் அமெரிக்க மரபியலாளர் டீன் ஹேமர், ஆண்களின் தன்பாலீர்ப்போடு தொடர்புள்ள இடம் என்று எக்ஸ் குரோமோசோமின் ஒரு முனையைக் காட்டினார். 1999இல் கனடாவில் நடந்த ஆய்வில் அது தென்படவில்லை. 2019இல் சுமார் 4.77 லட்சம் பேரை அலசியதில் மரபணுத் தொகுப்பில் ஐந்து இடங்கள் தேறின. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. பொதுவான மரபணு வேறுபாடுகள் எல்லாவற்றையும் கூட்டினாலும் 8 முதல் 25 சதவீத வேறுபாட்டைத்தான் விளக்க முடிந்தது. அந்த ஆய்வு கேட்டதுகூட 'ஒரே பாலினத்தவரோடு உறவு கொண்டதுண்டா' என்றுதான். உறவு வேறு, ஈர்ப்பு வேறு.

கேள்வி (உளவியல் மாணவி): ஒற்றைக்கரு இரட்டையரில் ஒருவர் தன்பாலீர்ப்பாளர் என்றால் மற்றவரும் அப்படி இருப்பது ஒரு ஆய்வில் 52%, இன்னொன்றில் 20%. எதை நம்புவது?

பதில்: ஆள் சேர்த்த விதத்தைப் பாருங்கள். 1991 ஆய்வு தன்பாலீர்ப்பாளர் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்து ஆள் சேர்த்தது. இருவருமே அப்படி இருக்கும் ஜோடிகள்தான் விளம்பரம் பார்த்து அதிகம் வருவார்கள். 2000இல் ஆஸ்திரேலிய இரட்டையர் பதிவேட்டிலிருந்து எடுத்தபோது ஆண்களில் 20, பெண்களில் 24 என இறங்கியது. பதிவேட்டை நம்புங்கள்.

2010 ஸ்வீடன் இரட்டையர் ஆய்வில் ஆண்களிடம் மரபின் பங்கு 34–39%, பெண்களிடம் 18–19%. தேர்வில் பலரும் சறுக்கும் இடம் இதுதான்: மீதியெல்லாம் வளர்ப்பு என்று எழுதிவிடுகிறார்கள். இந்தக் கணக்கில் மரபணு அல்லாத எல்லாமே 'சூழல்'. கருப்பையும் அதில் அடக்கம். ஒற்றைக்கரு இரட்டையருக்கும் நஞ்சுக்கொடி தனித்தனியாக இருக்கலாம்; அதனால் கருப்பைச் சூழலும் இருவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

கருப்பையின் பங்குக்கு நல்ல சான்று அண்ணன்மார் கணக்கு. ஒரே தாய் வயிற்று அண்ணன் ஒவ்வொருவருக்கும், தம்பி தன்பாலீர்ப்பாளராக இருக்கும் வாய்ப்பு சுமார் 33% கூடுகிறது. நூற்றில் 2 என்பது 2.7 ஆகும், அவ்வளவே. வேறு வீட்டில் வளர்ந்த அண்ணனும் கணக்கில் வருகிறான். கூடவே வளர்ந்த மாற்றாந்தாய் மகன் வருவதில்லை. ஆண் கருவின் ஒரு புரதத்துக்கு எதிராகத் தாயுடலில் உருவாகும் எதிர்ப்பொருள் காரணமாகலாம் என்று 2018 ஆய்வு காட்டியது.

கேள்வி: வெளிநாட்டுல எண்ணிக்கை கூடுதே, பார்த்துக் கத்துக்கறதுதானே?

பதில்: பிரிட்டனில் பெண்ணோடு உறவு கொண்டதாகச் சொன்ன பெண்கள் 1990 வாக்கில் 1.8%, 2010 வாக்கில் 7.9%. இருபது ஆண்டில் மரபணு மாறாது. பயம் குறைந்தால் சொல்பவர்களும் முயல்பவர்களும் கூடுவார்கள். சமூகத்தின் கை நன்றாகத் தெரிவது இங்கேதான்.

கேள்வி (அதே தாய்): ஹார்மோன் ஊசி போட்டா சரியாகும்னு ஒரு டாக்டர் சொல்றாரே?

பதில்: போட விடாதீர்கள் அம்மா. டெஸ்டோஸ்டிரோன் ஊசி ஆசையின் அளவைக் கூட்டலாம், திசையை மாற்றாது. ஈர்ப்பை மாற்றிவிடுவதாகச் சொல்லும் 'மாற்றும் சிகிச்சை'க்கு எதிராக 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுக்கக் கேடு என்று அறிவித்தது. என்ன சிகிச்சை, எதற்கு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். தந்தால் அந்தத் தாளோடு தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். மகன் தூங்காமல், சாப்பிடாமல் இருந்தால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். இன்று இரவு அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.