சக்கரவள்ளி ஃப்ரைஸ்: முனிர்காவிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

டெல்லில முனிர்கால இருக்கோம், சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். தீபாவளி சேல்ல ஏர் ஃப்ரையர் வாங்கினோம். பையனுக்கு ஃப்ரைஸ்னா உயிர், உருளைக்கிழங்குக்கு பதிலா சக்கரவள்ளிக் கிழங்குல பண்ணிக் குடுக்கலாம்னு நாலு தடவை செஞ்சு பாத்துட்டேன். வீடியோல சொன்ன மாதிரியே 200 டிகிரி, 20 நிமிஷம். நுனி கருகுது, நடுவுல தொளதொளன்னு இருக்கு, சில துண்டு மட்டும் எவ்வளவு நேரம் வச்சாலும் கட்டையா நிக்குது. "அவிச்சுத் திங்கிற கிழங்கை எதுக்கு இந்தப் பாடு படுத்துற"ன்னு மாமியார் கேக்கறாங்க. அவங்களுக்கு சுகர் இருக்கு, இதை அவங்க சாப்பிடலாமா? மிஷின்ல கோளாறா, என் கைல கோளாறா?

– ஒரு வாசகி

வணக்கம்ங்க,

ரெண்டுலயும் இல்ல. முதல்ல அந்த கட்டையா நிக்கிற துண்டைப் பத்தி சொல்லிடறேன், ஏன்னா அதுலதான் நானும் ஒரு குளிர்காலம் பூரா திண்டாடினேன். கிழங்கை எங்க வைக்கறீங்க? ஃப்ரிட்ஜ்லயா, இல்ல வெங்காயக் கூடை பக்கத்துல பால்கனிலயா? சக்கரவள்ளி வெப்ப நாட்டுக் கிழங்கு, அதுக்கு 13லேந்து 15 டிகிரி வரைக்கும்தான் சுகம், 10க்கு கீழ நாள் கணக்கா கிடந்தா உள்ளுக்குள்ள கெட்டுப் போகும், வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது, ஆனா வேக வச்சா நடுப்பகுதி மட்டும் வேகவே வேகாது, குக்கர்ல நாலு விசில் விட்டாலும் அதே கதைதான். ஊர்ல நம்ம அம்மாங்க கிழங்கை தரையில கொட்டி வச்சிருப்பாங்க, ஒண்ணும் ஆகாது, அந்தப் பழக்கத்துல நாம இங்கயும் பால்கனில வைக்கறோம், ஜனவரில டெல்லி ராத்திரி 4, 5 டிகிரிக்கு இறங்குதுன்னு கிழங்கு விஷயத்துல நமக்குத் தோணறதே இல்ல. அதனால கிழங்கை கழுவாம நியூஸ்பேப்பர்ல சுத்தி கிச்சனுக்குள்ள வைங்க, ஃப்ரிட்ஜே வேண்டாம்.

இப்ப கருகறதும் தொளதொளன்னு ஆகறதும். உருளையில மாவுச்சத்துதான் அதிகம், இனிப்பு ரொம்பக் கம்மி. சக்கரவள்ளில இனிப்பு நிறைய, அதனால உள்ள ஈரம் காயறதுக்கு முன்னாடியே மேல இருக்கற சர்க்கரை சிவந்து கருகிடும். அதோட கிழங்குக்குள்ள பீட்டா அமைலேஸ்னு ஒரு நொதி இருக்கு, கிழங்கு சூடாகி சுமாரா 60லேந்து 75 டிகிரி வரைக்கும் இருக்கற நேரத்துல அது மாவுச்சத்தை மால்ட்டோஸ்ங்கற சர்க்கரையா மாத்திக்கிட்டே இருக்கும். நீங்க மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போற பக்கமோ மார்க்கெட் வாசல்லயோ பாத்திருப்பீங்க, கரி அடுப்பைச் சுத்தி ஷகர்கந்தியை (ஹிந்தில சக்கரவள்ளிக்கு அதான் பேரு) அடுக்கி வச்சு மணிக்கணக்கா சுடுவாங்க, கேட்டா தோலை உரிச்சு துண்டு போட்டு எலுமிச்சம்பழம், மசாலா, கமரக்ங்கற புளிப்பான நட்சத்திரப் பழம் எல்லாம் போட்டு தொன்னையில குடுப்பாங்க, அவ்வளவு தித்திப்பா வெண்ணெய் மாதிரி இருக்குமே, அது அந்த நிதானமான சூட்டோட வேலைதான். எனக்கு டெல்லி குளிர்ல பிடிச்ச ஒரே விஷயம் அது. ஆனா ஃப்ரைஸுக்கு நமக்கு வேண்டியது நேர் எதிர்: அந்த சூட்டை சட்டுனு தாண்டணும், ஈரம் சீக்கிரம் போகணும். அதனால முன்கூட்டியே அவிக்கறது, மைக்ரோவேவ்ல வைக்கறது எதுவும் வேண்டாம்.

நான் பண்றது இப்படி. அரை கிலோ கிழங்கு, சுண்டுவிரல் கனத்துக்கு, எல்லாம் ஒரே அளவா நறுக்கணும், நுனி கூரா இருந்தா அதுதான் முதல்ல கருகும், அதனால ரெண்டு ஓரத்தையும் வெட்டி எடுத்துடுங்க. நறுக்கும்போதே பிசுபிசுன்னு பால் வரும், பச்சத் தண்ணில அரை மணி நேரம் போட்டா அதுவும் மேல இருக்கற மாவும் சர்க்கரையும் கொஞ்சம் போயிடும். அப்புறம் துணில நல்லா துடைக்கணும், முக்கியமான வேலையே இதுதான், ஏர் ஃப்ரையர்ங்கறது ஃபேன் வச்ச சின்ன ஓவன், எண்ணெய்ச் சட்டி மாதிரி ஈரத்தை ஒரே நிமிஷத்துல விரட்டாது, ஈரத்தோட போட்டா ஆவியில வெந்துடும். காஞ்ச துண்டுகளை ஒரு டப்பால போட்டு ஒரு டேபிள் ஸ்பூன் கார்ன்ஃப்ளோர் சேத்து மூடி குலுக்கி, அதுக்கப்புறம் ஒரு டேபிள் ஸ்பூன் எண்ணெய். உப்பு இப்ப போடாதீங்க, தண்ணி விட்டுக்கும். 3 நிமிஷம் காலியா சூடு பண்ணிட்டு, 180 டிகிரில 14, 15 நிமிஷம், நடுவுல ஒரு தடவை எடுத்து குலுக்குங்க. ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம ஒரே அடுக்கா போடணும், அரை கிலோன்னா ரெண்டு தடவையா போட வேண்டி வரும், பொறுமையா போடுங்க.

வீடியோல வர்றது பெரும்பாலும் உள்ள ஆரஞ்சா இருக்கற வெளிநாட்டு ரகம், ஈரம் ஜாஸ்தி. (நம்ம ஊர்லயும் ஆரஞ்சு ரகம் உண்டு, திருவனந்தபுரம் கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தோட 'பூ சோனா'ங்கற ரகம் அப்படித்தான்.) இங்க வண்டில கிடைக்கறது மேல ரோஸ், உள்ள வெள்ளை, மாவா இருக்கும், ஃப்ரைஸுக்கு அது நல்லதுதான், ஆனா அவங்க சொல்ற 20 நிமிஷத்துக்கு இது காஞ்சு குச்சியாயிடும். எடுத்ததும் தட்டுல பரத்தி 2 நிமிஷம் ஆற விடுங்க, அப்பதான் மொறுமொறுப்பு வரும், உப்பும் மிளகாப்பொடியும் அப்ப தூவுங்க. பையனோட டிஃபன் பாக்ஸ்ல மட்டும் அடைக்காதீங்க, அஞ்சு நிமிஷத்துல நமத்துடும், இது சாயங்காலம் சுடச்சுட குடுக்க வேண்டியது. உருளை அளவுக்கு மொறுமொறுப்பு வராது, பையன்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.

மாமியார் கேக்கறதுல ஒரு நியாயம் இருக்கு. சுகர் உள்ளவங்களுக்கு சுட்டது, பேக் பண்ணதை விட அவிச்ச கிழங்கு நிதானமாத்தான் சர்க்கரையை ஏத்தும். அவங்களுக்கு அவிச்சு, சின்னதா ஒண்ணு, அன்னிக்கு சாதத்தைக் குறைச்சுட்டு, அதுவும் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு குடுங்க.

பால்கனில இப்ப கிழங்கு இருந்தா அதுல ஃப்ரைஸ் முயற்சி பண்ணாதீங்க, குளிர் பட்டது இனி சரியாகாது. துருவி அடை மாவுல கலந்துடுங்க, புதுசா வாங்கினதுல ஆரம்பிங்க.