பழைய கார் ஷெட்டை அறையாக்க, ஆஸ்பெஸ்டாஸுக்குப் பதில் பஃப் பேனல் ஏன் போடச் சொல்கிறார்கள்?

இரண்டு மெல்லிய தகர ஷீட்டுகளுக்கு நடுவே பஃப் எனும் கெட்டியான நுரையை அடைத்து வருவதுதான் பஃப் பேனல். நுரையின் நுண்ணறைகளில் வாயு அடைபட்டிருப்பதால் சூடு மெதுவாகத்தான் இறங்கும். மீன்காரரின் தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் சீக்கிரம் உருகாதது போல. வெறும் தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட ஷெட்டில் தர்மபுரி ஏப்ரல் வெயிலுக்கு மதியம் உட்கார முடியாது. 50 மி.மீ. பேனல் எடுங்கள்.

ஷெட்டில் இருக்கும் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைத் தண்ணீர் தெளித்து நனைத்து, போல்ட்டைக் கழற்றி முழுசாக இறக்கவும். உடைத்தால் நாரிழைத் தூசி நுரையீரலுக்குள் போகும்.

10 அடிக்கு 1 அடி சரிவு வேண்டும். பேனலைத் தாங்கும் குறுக்குப் பைப்புகள் 4 அடிக்கு ஒன்று. ஸ்க்ரூவை ஷீட்டின் மேட்டில் ரப்பர் வாஷரோடு அடிக்கவும், பள்ளத்தில் அடித்தால் ஒழுகும். பலரும் கோட்டைவிடுவது சுவரில்தான்: உள்ளே வெற்றாக இருக்கும் ஹாலோ பிளாக்கில், சட்டத்தைச் சுவரோடு பிணைக்கும் ஆங்கர் போல்ட் நேராகப் பிடிக்காது, கோடைமழைக்கு முன் வரும் சூறைக்காற்று கூரையையே தூக்கிவிடும். சுவர்மேல் கான்கிரீட் பெல்ட் (பட்டை) போட்டு அதில் போல்ட்டை முடுக்குங்கள்.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் மேலேயே பேனலைப் போட்டால் செலவு மிச்சம் என்பது தவறு. துளையிடும்போதே தூசி கிளம்பும், பழைய சட்டமும் இரட்டைச் சுமைக்குச் செய்ததல்ல.