குடுவைச் செடியில் மருந்துச்சத்தைக் கூட்டுவது எப்படி? கேள்வி பதில்

அரூர் மாணவி: திசு வளர்ப்பில் (கிருமியில்லாத குடுவையில் செடித் துண்டை வளர்க்கும் முறை) இருக்கும் நீர்ப்பிரம்மிக்கு மெத்தில் ஜாஸ்மோனேட்டை எப்போது கொடுக்க வேண்டும், அம்மா?

முதல் நாளே கொடுக்காதீர்கள். புழு கடித்தால் செடி தனக்குள் எழுப்பிக்கொள்ளும் அபாயக் குரல்தான் ஜாஸ்மோனேட். அது எழுந்ததும் செடி வளர்ச்சியைக் குறைத்துக்கொண்டு தற்காப்புப் பொருள்களைச் செய்ய ஆரம்பிக்கும். நீர்ப்பிரம்மியில் நீங்கள் தேடும் மருந்துச்சத்தான பாகோசைடு அந்த வகையைச் சேர்ந்தது. எனவே எம்.எஸ். ஊடகத்தில் (திசு வளர்ப்புக்கான சத்துக் கலவை) தண்டுகளை முதலில் நன்றாகப் பெருக்குங்கள். வளர்ச்சி தளரும் வாரத்தில் தூண்டியை, அதாவது மெத்தில் ஜாஸ்மோனேட்டை, சேருங்கள். 50, 100, 200 மைக்ரோமோலார் (கரைசலின் செறிவைக் குறிக்கும் அலகு) என்று மூன்று அளவுகளில் பாருங்கள். அது தண்ணீரில் சரியாகக் கரையாது. எத்தனாலில் கரைத்து, 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, ஆட்டோகிளேவ் செய்து (அழுத்த நீராவியில் கிருமி நீக்கி) ஆறிய ஊடகத்தில் விடுங்கள். அதே அளவு எத்தனால் மட்டும் விட்ட ஒப்பீட்டுக் குடுவைகளும் கட்டாயம் வேண்டும். உலர் எடையையும் குறித்துவையுங்கள்: சத்தின் சதவீதம் இரட்டித்து, செடியின் எடை பாதியானால் உங்களுக்கு லாபம் எதுவும் இல்லை.

பாலக்கோடு: இன்னொரு தூண்டியான சாலிசிலிக் அமிலத்துக்குப் பதிலாக ஆஸ்பிரின் மாத்திரை போடலாமா?

வேண்டாம். இரண்டும் ஒன்றல்ல, மாத்திரையில் மாவும் வேறு சேர்மானங்களும் இருக்கும்.

ஓசூர்: ஜாஸ்மோனேட் எவ்வளவு சேர்க்க வேண்டும்?

அரூர் மாணவிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

தேன்கனிக்கோட்டை: எங்கள் மலை மாகாளிக்கிழங்கின் வாசனை குடுவை வேருக்கு வருமா? ஆய்வுக்கூடச் செடிக்கு வீரியமே கிடையாது.

வீரியம் மண்ணில் இருந்து ஏறுவதில்லை, ஐயா. அந்த வாசனை 2-ஹைட்ராக்ஸி-4-மெத்தாக்ஸிபென்சால்டிஹைடு என்ற பொருளுடையது. வெனிலாவின் மணப்பொருளான வெனிலினுக்கு மூலக்கூறு வாய்பாடும் இதுவே. அணுக்கள் அமர்ந்த இடம்தான் வேறு. பூச்சிக்கும் பூஞ்சைக்கும் ஆகாத பொருள் இது. மலை வேர் வறட்சியையும் பூச்சியையும் தாங்கி வளர்கிறது. குடுவை வேருக்குச் சர்க்கரை தாராளம், பகை கிடையாது. நாம் கொடுக்கும் தூண்டி அந்தப் பகையின் சாயல்தான்.

பென்னாகரம்: அப்படியானால் காட்டுக் கிழங்கே மேல் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்!

ஒரு கிழங்கைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊறுகாய்க்கும் மருந்துக்குமாக வேரோடு தோண்டிய கொடி மறு வருடம் தழைக்காது. மோரில் ஊறிய மாகாளி இல்லாமல் எனக்கும் சோறு இறங்காது, அதனால்தான் கவலைப்படுகிறேன். ஒரு கணுத் துண்டில் இருந்து பல கன்றுகளை எடுத்து மலைக்கே திருப்பித் தரலாம். காட்டை மட்டும் நம்பினால் அதற்கு வழியில்லை.

கிருஷ்ணகிரி: செங்காந்தளை வீட்டில் வளர்த்து, சத்தைக் கூட்டி, கஷாயம் வைக்கலாமா?

கூடவே கூடாது. அதில் உள்ள கோல்சிசின் என்ற நச்சு உயிரை எடுக்கும். சத்தைக் கூட்டினால் விஷம்தான் கூடும்.

ஊத்தங்கரை: ஜாஸ்மோனேட் எத்தனை மில்லி விட வேண்டும்?

மூன்றாம் முறையாக இதே கேள்வி. ஒப்பீட்டுக் குடுவைகள் எத்தனை வைத்தீர்கள், அவற்றின் உலர் எடை என்ன என்று முதலில் எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு அளவைச் சொல்கிறேன்.