விலை குறைவதன் கணக்கு: சூப்பர் மார்க்கெட் கேள்வி-பதில்

வருஷம் முழுக்க எம்.ஆர்.பி.க்குக் கீழேயே விற்கிறதே டிமார்ட், எப்படிக் கட்டுப்படியாகிறது? (வாசகி, கோயம்புத்தூர்)

போட்ட முதல் எவ்வளவு சீக்கிரம் திரும்பி வருகிறது என்று பாருங்கள், புரிந்துவிடும். ஒரு கடைக்காரர் ஒரு லட்ச ரூபாய்க்குச் சரக்கு வாங்கி, 20 சதவீதம் லாபம் வைத்து, வருஷத்தில் 6 முறை சரக்கை விற்று அந்த முதலைப் புரட்டுகிறார் என்றால் கிடைப்பது 1,20,000 ரூபாய். இன்னொருவர் 12 சதவீதம்தான் வைக்கிறார், ஆனால் மாதம் ஒருமுறை புரட்டிவிடுகிறார். அவருக்கு 1,44,000. விலை குறைத்தவருக்குத்தான் கூடுதல் வரும்படி.

இப்படிப் புரட்டுவதற்கு டிமார்ட் சில காரியங்களை விடாமல் செய்கிறது. ஓடுகிற சரக்கை மட்டும் வைக்கிறது. கண்ட வகையையும் ரேக்கில் நிரப்புவதில்லை. பெரும்பாலும் சொந்தக் கட்டடம், அல்லது நீண்டகாலக் குத்தகை. அதனால் வாடகை ஏறுமே என்ற கவலை குறைவு. எல்லாவற்றையும்விட, சரக்குக் கொடுத்தவருக்கு ஒரு வாரம் பத்து நாளில் பணம் போய்விடும். நான் கொள்முதல் பிரிவில் இருந்தபோது, 60 நாள் இழுத்தடிப்பதைச் சாமர்த்தியம் என்று நினைத்த மேலாளர்களோடு வேலை பார்த்திருக்கிறேன். அந்த 60 நாள் வட்டியையும் விலையில் ஏற்றித்தான் கம்பெனிக்காரர் பில் போடுவார். உடனே பணம் தருகிறவருக்கு அதே பெட்டி குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

துணி, பாத்திரம், பிளாஸ்டிக் சாமான் பகுதியையும் கவனியுங்கள். மளிகையைவிட அவற்றில் லாபம் அதிகம். பருப்பு வாங்க வந்தவர் ஒரு நைட்டியும் எடுத்துக்கொண்டு போனால், பருப்பில் விட்டது அங்கே வந்துவிடும்.

22 வருஷமாக மளிகைக் கடை வைத்திருக்கிறேன். எங்கள் தெருமுனையில் பெரிய சூப்பர் மார்க்கெட் வரப்போகிறது. ஏஜென்சிக்காரர் எனக்குக் கொடுக்கிற விலையைவிடக் குறைவாக அங்கே விற்பார்களாம். நானும் எல்லாவற்றிலும் விலையைக் குறைத்துவிடட்டுமா? (வாசகர், திண்டுக்கல்)

வேண்டாம். எல்லாவற்றிலும் குறைத்தால் ஆறு மாதத்தில் முதலே கரைந்துவிடும்.

குடும்பம் நடத்துகிற ஒருவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த விலை பத்துப் பதினைந்து பொருளுக்குத்தான் இருக்கும். அரிசி, சீனி, துவரம் பருப்பு, உளுந்து, எண்ணெய், டீத்தூள், ஒன்றிரண்டு சோப்பு. பெரிய கடைகள் நோட்டீஸ் அடித்துக் குறைப்பதும் இவற்றைத்தான். இந்தப் பொருள்களில் மட்டும் அவர்கள் விலைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். மற்றதில் வழக்கமான லாபமே இருக்கட்டும்.

ஏஜென்சி விலை பற்றிய உங்கள் கோபம் நியாயமானது. ஏஜென்சி நடத்துகிற விநியோகஸ்தர்களுக்கே இந்தக் கோபம் உண்டு. பெரிய நிறுவனங்களுக்கு ஒரு விலை, எங்களுக்கு ஒரு விலையா என்று கேட்டு, 2022 ஜனவரியில் மகாராஷ்டிரத்தில் கோல்கேட் பொருள்களை எடுக்காமல் நிறுத்திப் பார்த்தார்கள். இது சரியாகும்வரை நீங்கள் காத்திருக்க முடியாது. ஆஃபர் ஓடுகிற நாளில் மொத்த விற்பனைக் கடையில் மலிவாகக் கிடைத்தால், பில்லோடு அங்கேயே வாங்குங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது, தூங்குகிற சரக்கு. உங்களைப் போன்ற ஒருவர் கடையில் போன வருஷம் அரைநாள் உட்கார்ந்திருந்தேன். மேல்தட்டில் நாலு கம்பெனி ஹேர் டை, மூடியெல்லாம் தூசி. கீழே மூன்று அட்டைப்பெட்டி ரூம் ஸ்பிரே, கம்பெனி ஆஃபர் ஸ்கீமுக்கு ஆசைப்பட்டு எடுத்தது. எல்லாவற்றையும் இறக்கிக் கணக்குப் போட்டோம், 38,000 ரூபாய் முடங்கிக் கிடந்தது. அவரோ எண்ணெய் டின் எடுக்கக் கைமாற்று வாங்கிக்கொண்டிருந்தார். பாதி விலைக்குத் தள்ளிவிட்டு அந்தப் பணத்தில் நயம் மல்லி, குண்டு மிளகாய், நாட்டுச் சர்க்கரை எடுக்கச் சொன்னேன். நான் அங்கே இருக்கும்போதே ஒரு அம்மா வந்து, "ரசத்துக்கு மிளகு சீரகம் பத்து ரூபாய்க்கு" என்றார். பேசிக்கொண்டே பொட்டலம் மடித்துக் கொடுத்துவிட்டார் கடைக்காரர். அந்தப் பத்து ரூபாய்க்காக யாரும் டிராலி தள்ளிக்கொண்டு வரிசையில் நிற்கப் போவதில்லை.

கடன் கொடுக்கிற கணக்கு நோட்டை நிறுத்தாதீர்கள். ஆனால் வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரு வரம்பு வையுங்கள். சம்பளத் தேதி தாண்டிய பாக்கியைக் கூச்சப்படாமல் கேளுங்கள்.

சுபிக்‌ஷா அவ்வளவு மலிவாக, அவ்வளவு கூட்டத்தோடு நடந்ததே. ஏன் மூடினார்கள்? (வாசகர், சென்னை)

இந்தக் கேள்வி எப்போது வந்தாலும் எனக்கு மனசு கனக்கும்.

இந்தச் செயின் கடையை 1997-இல் சென்னை திருவான்மியூரில் தொடங்கினார்கள். ஏசி கிடையாது, அலங்காரம் கிடையாது, சின்ன இடம், குறைந்த விலை. யோசனை அருமையானது, நம் ஊர் வாடிக்கையாளரைப் புரிந்துகொண்ட யோசனை. தமிழ்நாட்டுக்குள் இருந்தவரை நன்றாகவே நடந்தது. பிறகு 2006-லிருந்து ஒரே பாய்ச்சலாக நாடு முழுக்கப் பரவி, சுமார் 1,600 கடைகள்! மளிகை, மருந்து, செல்போன் எல்லாம். பெருமளவு கடன் பணத்தில். 2008-இல் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது புதுப் பணம் வருவது நின்றது. சப்ளையருக்குப் பணம் போகவில்லை என்றால் சரக்கு வராது. ரேக் காலியாக இருந்தால் வாடிக்கையாளர் வரமாட்டார். அவர் வராவிட்டால் கல்லாவில் ஏது பணம்? 2009-இல் அத்தனையும் மூடியாயிற்று. ஊழியர்களுக்குச் சம்பளப் பாக்கி நின்றது.

இதையும் டிமார்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மும்பை பொவாயில் முதல் கடை 2002-இல். 2017-இல் பங்குச் சந்தைக்கு வரும்போதும் சுமார் 120 கடைகள்தான். விலை குறைவு இரண்டு இடத்திலும் இருந்தது. ஒருவர் கடையில் சம்பாதித்து அடுத்த கடை திறந்தார். மற்றவர் அடுத்த கடையைக் காட்டிக் கடன் வாங்கினார்.

சூப்பர் மார்க்கெட்டின் சொந்த பிராண்ட் பருப்பு, மசாலா மலிவாக இருக்கிறது. தரம் குறைவா? (வாசகி, மதுரை)

மலிவு என்பதற்காகவே சந்தேகப்பட வேண்டாம். விளம்பரச் செலவும் ஏஜென்சி கமிஷனும் அதில் இல்லை. பாக்கெட்டைத் திருப்பி, தயாரித்தவர் யார் என்ற வரியைப் படியுங்கள். விற்பவர் பெயர் வேறு, தயாரிப்பாளர் பெயர் வேறாக இருக்கும். பருப்பு வகையில் நான் தயங்காமல் வாங்குகிறேன். மசாலாவில் மட்டும் முதலில் சின்னப் பாக்கெட்.

பால் எடுக்கப் போனால் ஏன் கடைசி மூலைவரை நடக்கவிடுகிறார்கள்? (வாசகர், திருச்சி)

வழியில் பிஸ்கட்டும் சிப்ஸும் உங்கள் கண்ணில் படத்தான். பின்பக்கக் குளிர் அறையிலிருந்து நிரப்பவும் வசதி. கையில் சீட்டு எழுதிக்கொண்டு போங்கள்.

வீட்டில் அப்பளம், வடகம் செய்து விற்கிறோம். ஒரு செயின் கடையில் வைக்கக் கேட்கிறார்கள். என்ன பார்த்துக்கொள்ள வேண்டும்? (வாசகி, விருதுநகர்)

வாழ்த்துகள். கேட்டு வந்திருக்கிறார்கள் என்றால் உங்கள் கைப்பக்குவம் பேசியிருக்கிறது.

மூன்று விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள். ரேக் வாடகை என்று ஏதாவது பிடிப்பார்களா. விற்காததைத் திருப்பி அனுப்பினால் உடைசல் யார் தலையில். பணம் எத்தனை நாளில் வரும். உடைசல் சின்ன விஷயமில்லை. அப்பளக் கட்டு திரும்பி வரும்போது பாதி தூளாகத்தான் வரும்.

உத்யம் என்கிற, சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவைச் செய்யாவிட்டால் இந்த வாரமே செய்யுங்கள், கட்டணம் இல்லை. பதிவு இருந்தால், குறு, சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும் என்கிற சட்டம் உங்கள் பக்கம் நிற்கும். எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி. 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல், இந்தக் கெடுவைத் தாண்டிய பாக்கியைக் கட்டும்வரை வாங்கியவர் வருமான வரியில் செலவாகக் காட்டவும் முடியாது. அதனால் பில்லிலேயே உத்யம் எண்ணை அச்சடித்துவிடுங்கள். கணக்குப் பிரிவில் உங்கள் பில் முதலில் எடுக்கப்படும்.

முதல் மூன்று மாதம் நாலைந்து கடைக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள். மழைக்காலத்தில் வடகம் காயாது, ஆர்டர் மட்டும் வந்துகொண்டே இருக்கும்.