மாணவர் உரிமைக்காகத் தேசிய அளவில் சங்கம் தொடங்க, விதிமுறையில் என்னென்ன எழுத வேண்டும்?

பாம்பன் பக்கமிருந்து கேட்டிருக்கிறீர்கள், தம்பி. பதிவு வேலை லேசானது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி குறைந்தது 7 பேர் போதும். சங்கத்தின் நோக்கங்களையும் பைலாவையும் (நீங்கள் கேட்ட விதிமுறை இதுதான்) எழுதி, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். பெயரில் 'தேசிய' என்று வந்தால் அரசு அமைப்பு என்ற எண்ணம் வரக்கூடாது. 1950-ஆம் ஆண்டுச் சின்னங்கள், பெயர்கள் சட்டம் அதைத் தடுக்கிறது.

அப்புறம் பைலா. சங்கம் உடைவது பெரும்பாலும் இங்கேதான். யார் உறுப்பினர் என்பதை முதலில் தீர்மானியுங்கள். படிப்பு முடித்தவர் எத்தனை மாதம் இருக்கலாம்? இதை எழுதாமல் விட்டால் முப்பத்தைந்து வயது 'மாணவர் தலைவர்' வந்து உட்கார்ந்துவிடுவார். நிர்வாகக் குழுவின் காலம் சட்டப்படி 3 ஆண்டைத் தாண்டக் கூடாது. மாணவர்களுக்கு ஒரு வருடமே அதிகம் என்பேன்.

சந்தாவை எப்போது வாங்குவது என்று பார்த்து எழுதுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகு கரையில் கிடக்கும்போது, தங்கச்சிமடத்துப் பிள்ளை வீட்டில் போய்ச் சந்தா கேட்க முடியுமா? கடைசித் தேதியை ஆகஸ்டுக்குத் தள்ளுங்கள். கட்டாதவரின் வாக்குரிமை உடனே போகாது என்றும் ஒரு வரி சேருங்கள்.

வங்கிக் கணக்கில் இருவர் கையெழுத்து. கட்சிப் பணம் வேண்டாம்.