1950களின் டிரெய்லர் பயணங்களில் என்னென்ன மீன்பிடிச் சாதனங்கள் இருந்தன?

1950களில் அமெரிக்கக் குடும்பங்கள் காருக்குப் பின்னால் டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஏரிக்கரைகளில் தங்கப் போனபோது, மீன் பிடிக்க எதையெல்லாம் கொண்டுபோயின என்று கேட்டிருக்கிறீர்கள். தூண்டில் நரம்பைச் சுற்றிவைக்கும் பழைய ரீல்களை வாங்கிப் பழுதுபார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஜெப்கோ ரீலுக்குத்தான் முதலிடம்.

ஓக்லஹோமாவின் டல்சா நகரில் எண்ணெய்க் கிணறுகளுக்கு வெடிகள் செய்துவந்த ‘ஜீரோ ஹவர் பாம்ப் கம்பெனி’ 1949இல் இதைத் தயாரிக்கத் தொடங்கியது. கண்டுபிடித்தவர் ஆர்.டி. ஹல். பரவலாக இருந்த பழைய வகை ரீலில், வீசும்போது நரம்பு சுற்றிய உருளையே சுழலும். இரை தண்ணீரில் விழுந்த பிறகும் அது நிற்காது. சரியான கணத்தில் கட்டைவிரலால் அழுத்தாவிட்டால் நரம்பு முழுவதும் சிக்காகிவிடும். பெரியவர்களுக்கே நாள்பட்ட பழக்கம் வேண்டிய வேலை அது; பிள்ளைகள் வேடிக்கைதான் பார்க்க முடியும்.

ஹல்லின் ரீலில், வீசும்போது உருளை அசைவதே இல்லை. பொத்தானை அழுத்திப் பிடித்துக் கோலை வீசி, பாதியில் விரலை எடுத்தால் மூடியின் நடுத்துளை வழியாக நரம்பு தானாக உருவிக்கொண்டு ஓடும். கைப்பிடியைச் சற்றுத் திருப்பினால் உள்ளே ஒரு சிறிய முள் எழுந்து நரம்பைப் பிடித்துக்கொள்ளும். அப்போது கேட்கும் ‘டக்’ என்ற சத்தம் எனக்கு மிகவும் பிடிக்கும். சின்னக் குழந்தைகூட அன்றைக்கே வீசக் கற்றுக்கொள்ளலாம். மீன்பிடித்தல் குடும்பம் முழுவதற்கும் உரியதானதில் இந்தப் பொத்தானுக்குப் பெரிய பங்கு உண்டு என்பேன். 1954இல் வந்த ‘33’ மாதிரி இன்றும் விற்பனையாகிறது.

அடுத்தது கோல். மூங்கில் கோலைத் துடைத்து, உலர்த்தி, நேராகத் தொங்கவிட வேண்டும். ஈரத்தோடு டிரெய்லர் மூலையில் சாத்திவைத்தால் வளைந்துவிடும். கண்ணாடியிழைக் (ஃபைபர் கிளாஸ்) கோலுக்கு இந்தக் கவனிப்பெல்லாம் வேண்டாம். 1950 இறுதியில் சீனப் பொருட்களுக்கு அமெரிக்கா தடை விதிக்க, கோல் செய்ய அங்குள்ள குவாங்டோங் மாகாணத்திலிருந்து வந்த மூங்கிலின் வரத்தும் நின்றது. கண்ணாடியிழைக்கு வழி இன்னும் அகலமானது. பெரும்பாலும் இரண்டு துண்டாகக் கழற்றலாம் என்பதால் டிரெய்லரில் வைப்பதும் எளிது.

மற்றபடி தக்கை, ஈயக்குண்டு, மரத்தில் செய்த செயற்கை மீன்கள், தூண்டில் முட்கள் எல்லாம் தகரப் பெட்டிக்குள் இருக்கும். மூடியைத் திறந்தால் தட்டுகள் படிப்படியாக மேலே எழும். உயிருள்ள சிறுமீன்களுக்குத் துத்தநாகப் பூச்சு வாளி, மண்புழுவுக்குக் காலி காப்பி டப்பா.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1950ஆம் ஆண்டின் டிங்கல்-ஜான்சன் சட்டப்படி, கோல், ரீல், செயற்கை இரை ஆகியவற்றின் மீதான 10 சதவீத வரி, மீன்வளத்தைப் பெருக்க மாநிலங்களுக்கே திரும்பியது. ரீல் வாங்கிய குடும்பங்கள் ஏரிகளின் மீன்வளத்துக்கும் சேர்த்தே பணம் கொடுத்தன.